மே மாத கேம்பிங்குக்கு எந்த ஸ்லீப்பிங் பேக்? (லாஸ்பேட்டை தம்பி கேட்டதற்கு)

தம்பி, நீ டொராண்டோ போய் நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஆபீஸ் நண்பர்கள் மே லாங் வீக்கெண்டுக்கு அல்கோன்குவின் பார்க் காட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்றால் நல்ல கூட்டம்தான் வாய்த்திருக்கிறது, போய்விட்டு வா. ஆனால் "மே மாதம்தானே, மெல்லிசா ஒரு ஸ்லீப்பிங் பேக் போதாதா" என்று கேட்டிருந்தாயே, அதைப் படித்ததும்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் இப்போது லீவில் கடலூரில் இருக்கிறேன். மார்கழி. காலையில் மஞ்சக்குப்பத்தில் பால் வாங்கப் போகிறவர்கள் காதை மூடி மஃப்ளர் கட்டிக்கொண்டு போகிறார்கள், இருபது இருபத்தொரு டிகிரிக்கு. நம் உடம்பு பழகியது இந்தக் கணக்கில். இங்கே அக்கினி நட்சத்திரம் கொளுத்துகிற அதே நாட்களில்தான் அங்கே அந்த லாங் வீக்கெண்ட் வரும், காட்டுக்குள் ராத்திரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கினாலும் இறங்கும்.

நான் அங்கே முதல் வருடம் கேம்பிங் போனபோது பட்டதைச் சொல்கிறேன். ஸ்லீப்பிங் பேக், அதாவது உள்ளே நுழைந்து படுக்கிற அந்தப் பையின் மேல் பெரிய எழுத்தில் 0 டிகிரி என்று போட்டிருந்தது, விலையும் குறைவு, வாங்கிவிட்டேன். அடியில் போட, காற்றடித்து நிரப்புகிற சாதாரணப் படுக்கை. பதினொரு மணிக்கு நன்றாகத்தான் தூங்கினேன். இரண்டு மணிக்கு இடுப்புக்குக் கீழே ஐஸ் பாளத்தின் மேல் படுத்த மாதிரி இருந்தது, டார்ச் அடித்துப் பார்த்தால் கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க மூச்சு பட்டு நீர் கோத்து நிற்கிறது, பக்கத்தில் விழுப்புரத்து நண்பன் நிம்மதியாகக் குறட்டை விடுகிறான். மீதி ராத்திரி காரில் உட்கார்ந்தே விடிந்தது. காலையில் அந்தப் பையின் உள் லேபிளைப் பார்த்தேன், கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண் இருந்தது, பெரிதாகப் போட்டிருந்த 0 எக்ஸ்ட்ரீம் கணக்கில் வருவது, மற்ற இரண்டும் அதைவிட எவ்வளவோ மேலே.

அந்த மூன்று எண்ணும் என்னவென்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐ.எஸ்.ஓ 23537 என்று ஒரு தரக்கணக்கு இருக்கிறது, பழைய பைகளில் இ.என் 13537 என்று இருக்கும். சூடேற்றிய பொம்மை மனிதனுக்கு நீளமான உள்ளாடை போட்டு, பாய் விரித்து, பைக்குள் படுக்கவைத்துக் குளிர் அறையில் அளப்பார்கள். கம்ஃபர்ட் என்றால் ஒரு சராசரிப் பெண் கைகால் நீட்டி நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்றால் ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கிற குளிர். எக்ஸ்ட்ரீம் என்பது தூக்கத்துக்கான கணக்கே இல்லை, உயிர் தப்புவதற்கான கணக்கு, அதைப் பார்த்து யாரும் பை வாங்கக் கூடாது. ஆம்பளைதானே என்று லிமிட்டையும் பார்க்காதே, நம் பக்கத்து ஆட்கள் கம்ஃபர்ட்டைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் எதிர்பார்க்கிற குளிரைவிட நாலைந்து டிகிரி கீழே. உன் பயணத்துக்கு கம்ஃபர்ட் மைனஸ் 5 எடுத்தால் தைரியமாகப் படுக்கலாம். சூடு அதிகமானால் ஜிப்பைத் திறந்துவிட்டுக்கொள், குளிர் அதிகமானால் திறக்க ஒன்றும் இல்லை.

இன்னொரு பொறி, அமெரிக்க கம்பெனிப் பைகளில் 20 என்று போட்டிருந்தால் அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 7 கிட்ட. மார்கழிக் குளிருக்கான பை போல என்று நினைத்து ஒதுக்கிவிடாதே.

சரி, இதைவிட முக்கியமானது அடியில் போடுகிற பாய். ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு தராது, உன் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். பிடித்து வைப்பது உள்ளே உப்பி நிற்கிற பஞ்சுக்குள் இருக்கும் காற்று. நீ படுத்ததும் முதுகுக்குக் கீழே அது நசுங்கிவிடும், அந்தப் பக்கம் பை இருந்தும் இல்லாத மாதிரி. தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெறும் காற்றுப் படுக்கைக்குள்ளும் காற்று புரண்டு புரண்டு சூட்டைக் கீழே கடத்திவிடுகிறது, நான் ஏமாந்தது அங்கேதான். பாயில் ஆர் வேல்யூ என்று, சூட்டை எவ்வளவு தடுக்கும் என்று காட்டுகிற ஒரு எண் இருக்கும், உனக்கு 4 இருக்கட்டும். இரண்டு பாய் ஒன்றின் மேல் ஒன்று போட்டால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். கையில் காசு குறைவென்றால் பையில் கொஞ்சம் குறைத்துப் பாயில் போடு, நான் அப்படித்தான் செய்வேன்.

உள்ளே வாத்து இறகா, செயற்கைப் பஞ்சா என்று கேட்டிருந்தாய். இறகு லேசு, சின்னதாகச் சுருளும், விலை அதிகம், நனைந்தால் ஒட்டிப்போய் வேலைக்கு ஆகாது. செயற்கை கனம், ஆனால் ஈரத்திலும் ஓரளவு காப்பாற்றும். கார் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம் போடப் போகிறீர்கள், முதுகில் தூக்கி நடக்கப் போவதில்லை, அப்புறம் எதற்கு இறகு? சைவம் பார்க்கிற வீடுகளுக்கும் செயற்கைதான் வசதி. எதுவானாலும் கழுத்தைச் சுற்றி இறுக்குகிற மடிப்பும், ஜிப்புக்கு உள்பக்கம் ஒரு பட்டையும் இருக்கிறதா என்று கடையிலேயே உள்ளே படுத்துப் பார். கால்பக்கம் குறுகுகிற மம்மி வடிவம் சூடு, நீளசதுரம் தாராளம். ஆளைவிட ரொம்பப் பெரிதாக வாங்கினால் அந்த வெற்றிடத்தையும் உன் உடம்புதான் சூடாக்க வேண்டும்.

படுக்கும்போது பகலில் வேர்த்த பனியன், கைலியோடு உள்ளே போகாதே, பருத்தி ஈரத்தை விடாது. காய்ந்த தெர்மல், கம்பளி சாக்ஸ். மூடி இறுகின பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் கால்மாட்டில் வைத்துக்கொள். முகத்தைப் பைக்குள் இழுத்து மூடினால் மூச்சு ஈரமெல்லாம் பஞ்சில் இறங்கும், தலைக்கு மங்கி குல்லா போட்டுக்கொள், யாரும் சிரிக்க மாட்டார்கள். தூங்கும் முன் ஒரு கை பண்ருட்டி முந்திரி தின்றால் உடம்பு ராத்திரியில் எரிக்க ஏதாவது இருக்கும், ஆனால் மிச்சத்தைக் கூடாரத்தில் வைக்காதே, அங்கே கரடி உண்டு. குளிர்கிறது என்று கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ பற்றவைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

மற்றவர்கள் கேட்டதற்கும் சேர்த்து:

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு என்று கேட்ட அக்காவுக்கு, ஒரே மாடலில் ஒன்று இடது ஜிப், ஒன்று வலது ஜிப் வாங்கினால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம்.

பையை எப்படி வைப்பது என்று கேட்டவருக்கு, சின்ன உறையில் திணித்தபடி வருடக்கணக்கில் வைக்காதீர்கள். நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தை அமுங்கி அமுங்கிக் கட்டை மாதிரி ஆகுமே, அதே கதைதான். வந்ததும் விரித்துக் காயவைத்து, பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.

தம்பி, உன் அம்மா நேற்று போன் பண்ணி "அங்க குளுருக்கு ஒரு கம்பளி குடுத்தனுப்புறேன்பா" என்றார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன், நீ வேண்டாம் என்று சொல்லாதே. கனமான கம்பளியைப் பை மேல் போர்த்தாதே, பஞ்சு அமுங்கிவிடும். பாய்க்கும் பைக்கும் நடுவில் விரி. பெட்டியில் இரண்டு கிலோ இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், பொங்கல் முடிந்து வந்ததும் வாங்கிக்கொள்.