கன்னி இனப் பெட்டை நாய்க்கு இணை சேர்க்கச் சரியான நாள் எது? இரண்டு முறை இணை சேர்த்தும் சினை தங்கவில்லை

கேள்வி: உச்சிப்புளி படகுக்காரன்

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்குக் கிழக்கே கடலை ஒட்டிய ஊரில் இருக்கிறேன். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். எங்கள் வீட்டில் கன்னி இனத்துப் பெட்டை நாய் ஒன்று வளர்கிறது. கறுப்பு உடம்பு, புருவத்திலும் கால்களிலும் செம்பழுப்பு, வயது மூன்றரை. அதனிடமிருந்து ஓர் ஈத்துக் குட்டிகளாவது எடுத்துவிட வேண்டும் என்பது வீட்டார் எல்லோருடைய ஆசை. ஆனால் இரண்டு முறை முயன்றும் சினை தங்கவில்லை.

முதல் முறை சென்ற ஆண்டு ஆடி மாதம். தீட்டுப் பார்த்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணி, பத்தாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் சாயல்குடிப் பக்கத்தில் உள்ள ஒரு கடுவனிடம் கொண்டுபோனேன். கீழக்கரை, ஏர்வாடி வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பத்தாம் நாள் அது கடுவனைக் கிட்டவே விடவில்லை, உறுமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் வாயைக் கட்டி, இருவர் பிடித்துக்கொண்டு சேர்த்தோம். இரண்டாம் முறை இந்த ஆண்டு மாசியில், பதினொன்றாம் நாளும் பதின்மூன்றாம் நாளும். பதின்மூன்றாம் நாள் பிணைப்பு கால் மணி நேரம் நின்றது.

அந்த முறை கணக்குக் கூடிவந்திருந்தால் சித்திரைக் கடைசியில் குட்டிகள் பிறந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகு கரையில் நிற்கும், நானே வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தேன். மடி இறங்கியது, காம்பில் பாலும் வந்தது. பழைய வலையை மடித்துப் போட்டு, அதன்மேல் சாக்கு விரித்து இடமும் ஒதுக்கினோம். அது அந்தச் சாக்கைப் பிறாண்டிப் பிறாண்டிப் படுத்ததே தவிர, ஒரு குட்டியும் வரவில்லை.

இப்போது புரட்டாசியில், நேற்று முன்தினம் மறுபடியும் தீட்டுப் பார்த்தோம். பதினொன்று, பதின்மூன்று என்றுதான் கேட்ட இடமெல்லாம் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு தவறா, அல்லது நாயிடம் குறை இருக்கிறதா?

பதில்: கன்னி வளர்ப்பவர், கமுதிப் பக்கம்

தம்பி, பத்தாம் நாள் உறுமி உட்கார்ந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. நாள் வந்த பெட்டையை யாரும் பிடிக்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில் வாயைக் கட்டிச் சேர்த்த பெட்டைகளில் குட்டி போட்டவை மிகக் குறைவு.

நீங்கள் தீட்டுப் பார்த்த நாள் வேறு, தீட்டு வந்த நாள் வேறு என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். சுத்தமான பெட்டை தன்னை நக்கி நக்கியே துடைத்துக்கொள்ளும். மணல் முற்றத்தில் கிடக்கும் நாயென்றால் சொட்டு விழுந்த சுவடே இருக்காது. அடுத்த பருவம் நெருங்கும் மாதத்தில் நான் படுக்கையில் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டை விரித்து, காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அதன்பிறகு நாளை விட்டுவிட்டு நாயைப் பாருங்கள். தொடக்கத்தில் பிறப்புறுப்பு வீங்கி, தொட்டால் பச்சை வாழைக்காய்போல இறுகியிருக்கும். நாள் நெருங்கும்போது வீக்கம் இருந்தாலும் காது மடலைப்போலத் தளர்ந்துவிடும். சிவப்பாக வடிந்தது இறைச்சி கழுவிய நீர்போல வெளுத்து, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வரும். வாலடிக்கு மேலே முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால், வாலை ஒரு பக்கம் ஒதுக்கி, பின்னங்கால்களை ஊன்றி அசையாமல் நிற்கும். இவற்றில் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். என்னிடம் இருந்த ஒரு பெட்டைக்குக் கடைசி நாள்வரை சிவப்பாகவே வடிந்தது, ஆனாலும் ஏழு குட்டி ஈன்றது.

கடுவனைப் பற்றியும் விசாரியுங்கள். கடந்த சில மாதங்களில் அது வேறு பெட்டைக்குக் குட்டி கொடுத்திருக்கிறதா? கடும் காய்ச்சலில் விழுந்து எழுந்த கடுவன் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் இரண்டு மாதம்வரை வீரியம் குறைந்திருக்கும். இதை நான் பணம் செலவழித்துத் தெரிந்துகொண்டேன்.

பெட்டையைக் கடுவன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதே சரி. அதை மாற்ற வேண்டாம். வெயில் ஏறுமுன் காலையில், வயிறு நிறையத் தீனி கொடுக்காமல் விடுங்கள். பிணைந்த பிறகு இரண்டும் பின்புறம் சேர்ந்து எதிரெதிர்த் திசை பார்த்து நிற்கும். ஐந்து நிமிடமும் நிற்கலாம், அரை மணியும் நிற்கலாம். எக்காரணம் கொண்டும் இழுத்துப் பிரிக்காதீர்கள், இரண்டுக்குமே காயமாகும். பிரிந்தபின் பின்னங்காலைத் தூக்கிப் பிடிக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதனால் பயன் இருக்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் தகப்பனார் செய்தார், நானும் செய்கிறேன்.

பதில்: கால்நடை மருத்துவர் (ஓய்வு), தொண்டி

பெரியவர் சொன்ன அறிகுறிகள் அனைத்தும் சரி. அவற்றுக்குப் பின்னால் உள்ள காரணத்தைச் சேர்த்துச் சொல்கிறேன்.

தீட்டு வடிந்து, கடுவன்கள் சூழ்ந்தும் பெட்டை இடங்கொடுக்காத முதற்கட்டம் சராசரியாக 9 நாள். ஆனால் 3 நாளில் முடிகிற நாயும் உண்டு, 17 நாள்வரை நீள்கிற நாயும் உண்டு. கடுவனை ஏற்கும் அடுத்த கட்டமும் சராசரி 9 நாள்தான். அதுவும் 3 முதல் 21 நாள்வரை மாறும். இந்தச் சராசரியிலிருந்து பிறந்ததுதான் உங்கள் காதில் விழுந்த பதினொன்றும் பதின்மூன்றும். பல நாய்களுக்கு அது பொருந்திவிடுவதால், பொருந்தாத நாயை மலடு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

பெட்டையின் இரத்தத்தில் எல்.எச். என்னும் ஹார்மோன் திடீரென உச்சத்துக்கு எழும். அதற்கு ஏறத்தாழ 2 நாள் கழித்துச் சூலகத்திலிருந்து முட்டைகள் வெளியேறும். மற்ற வீட்டு விலங்குகளிலிருந்து நாய் வேறுபடுவது இங்கேதான்: நாயின் முட்டை வெளிவரும்போது முதிராத நிலையில் இருக்கிறது. அது முதிர்ந்து கருத்தரிக்கத் தக்கதாக மேலும் 2 முதல் 3 நாளாகும். அதன்பின் 2 அல்லது 3 நாள்தான் உயிரோடிருக்கும். நல்ல கடுவனின் விந்தணு பெட்டையின் உடலுக்குள் 5 முதல் 7 நாள்வரை தாக்குப்பிடிக்கும் என்பதால், இயற்கையாகச் சேரும்போது ஓரிரு நாள் முந்தினாலும் குற்றமில்லை. ஒரு வாரத்துக்கு மேல் முந்திவிட்டால், முட்டை முதிரும் நேரத்தில் அங்கே காத்திருக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

முட்டை வெளியேறும் நாளைப் பிடிக்க நம்பகமான வழி இரத்தத்தில் புரோஜெஸ்ட்ரோன் என்னும் ஹார்மோனின் அளவைப் பார்ப்பது. தொடக்கத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருக்கும், எல்.எச். உச்சத்தில் 2 முதல் 3 வரை வரும். முட்டை வெளியேறும்போது 5 அல்லது அதைச் சற்றுக் கடந்திருக்கும். அந்த நாளிலிருந்து இரண்டாம் நாளும் நான்காம் நாளும் இணை சேர்த்தால் போதும். அறிக்கையில் அலகைக் கட்டாயம் பாருங்கள்: சில ஆய்வகங்கள் நானோமோலில் தருவார்கள், அந்த எண் மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாக இருக்கும். அதை நானோகிராம் என்று எண்ணி அவசரப்பட்டு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பருத்திக் குச்சியால் யோனிச் செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றிப் பார்ப்பதும் உதவும். முதலில் உருண்டையாக, பெரிய உட்கருவோடு தெரியும் செல்கள், பருவம் முதிர முதிர நொறுங்கிய அப்பளத் துண்டுகளைப்போலக் கோணலாகித் தட்டையாகிவிடும். பெட்டை ஏற்கும் கட்டத்தில் இருக்கிறதா என்பதை இது சொல்லும். முட்டை எந்த நாளில் வெளியேறும் என்பதை முன்கூட்டிச் சொல்லாது.

பால் வந்ததைப் பற்றி: சினை தங்காத பெட்டையிலும் புரோஜெஸ்ட்ரோன் ஏறத்தாழ இரண்டு மாதம் உயர்ந்தே இருக்கும், அது இறங்கும்போது பால் சுரப்பதும் இடம் தோண்டுவதும் நடக்கும். அது பொய்ச்சினை, நோயன்று. அடுத்த முறை இணை சேர்த்து 25 நாளுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் சாக்கு விரிப்பதா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

இரு நாய்களுக்கும் புரூசெல்லா என்னும் பாக்டீரியாத் தொற்று இருக்கிறதா என்று பரிசோதனை செய்யுங்கள். சினை தங்காமைக்கும் கருச்சிதைவுக்கும் அது ஒரு காரணம், மனிதருக்கும் தொற்றும். கடுவனின் உறுப்பில் பூக்கோசு போன்ற கட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். இணைசேர்க்கையால் பரவும் அந்தப் புற்றுக்கட்டி நம் ஊர்த் தெருநாய்களிடம் பரவலாக உண்டு.

உங்களிடம் ஒரு கேள்வி. மாசியில் பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகும் தெருக் கடுவன்கள் உங்கள் வேலியைச் சுற்றினவா?

பதில்: கீழக்கரை லாப்ரடார் வீடு

ஐயா சொன்னது எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. எங்கள் லாப்ரடாருக்குத் தீட்டு வந்த 9ஆம் நாள் புரோஜெஸ்ட்ரோன் 0.8, 12ஆம் நாள் 0.9. இனி இது ஏறாது என்று என் கணவர் கைவிட்டுவிட்டார். நான்தான் விடாமல் 15ஆம் நாள் எடுத்தேன், 1.6, 17ஆம் நாள் 2.9, 19ஆம் நாள் 6.2. 21ஆம் நாளும் 23ஆம் நாளும் சேர்த்தோம். முதல் சேர்க்கையிலிருந்து 61ஆம் நாள் எட்டுக் குட்டிகள். முட்டை வெளியேறிய நாளிலிருந்து எண்ணினால் சரியாக 63.

சகோதரரே, உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. மனிதருக்குப் புரோஜெஸ்ட்ரோன் பார்க்கும் ஆய்வகத்திலேயே நாயின் இரத்தத்தையும் பார்க்கலாம் என்றாலும், அறிக்கை எந்த நேரத்தில் கைக்கு வரும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு நான் கொடுத்த ஆய்வகத்தில் மாதிரியை வெளியூருக்கு அனுப்பி, மூன்றாம் நாள் மாலையில் அறிக்கை கொடுத்தார்கள். அதில் 14 என்று இருந்தது. அதைப் படித்தபோது அந்த எண்ணுக்கு மூன்று நாள் வயதாகியிருந்தது. அந்த ஈத்து அப்படியே போயிற்று. எல்லா மாதிரியையும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். ஜெல் வைத்த குழாய் வேண்டாம் என்று எங்கள் மருத்துவர் சொன்னார், எடுத்த இரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைக்கவும் கூடாதாம், அளவு குறைவாகக் காட்டிவிடும் என்றார்.

பதில்: உச்சிப்புளி படகுக்காரன்

அண்ணன், ஐயா, சகோதரி, மூவருக்கும் நன்றி. இதையெல்லாம் வீட்டில் படித்துக் காட்டியபோது என் மனைவி ஒன்று சொன்னார். நான் பார்த்த நாளுக்கு நான்கு நாள் முன்பே முற்றத்துச் சிமெண்டுத் தரையில் இளஞ்சிவப்பாக இரண்டு சொட்டு இருந்ததாம். நான் கொண்டுவந்த மீனைக் கழுவிய இரத்தம் என்று நினைத்து நீர் ஊற்றிவிட்டாராம். மீன்காரன் வீட்டில் இரத்தச் சொட்டை யார் சந்தேகிப்பார்கள்? ஆக, நான் மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்த நாள் உண்மையில் ஏழு. மாசியிலும் இதேபோல நான் கடலுக்குப் போயிருந்தபோதுதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் நான் பிந்திப் போயிருக்கிறேனோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஐயா கேட்ட கேள்விக்குப் பதில்: ஆம், சுற்றின. சாயல்குடியிலிருந்து திரும்பிய பிறகும் ஐந்தாறு நாள் நான்கு தெருக் கடுவன்கள் வேலியோரம் படுத்துக் கிடந்தன. அதுவரை அவற்றைப் பார்த்தால் குரைத்துக்கொண்டிருந்த எங்கள் நாய், கடைசி நாட்களில் முள்கம்பிக்குப் பின்புறத்தைக் காட்டி வாலை ஒதுக்கி நின்றது. வேலை முடிந்துவிட்டது என்று எண்ணி நாங்கள் அதை உள்ளே கட்டிப்போட்டோம்.

பதில்: கால்நடை மருத்துவர் (ஓய்வு), தொண்டி

நான்கு நாள் பிந்தி எண்ணியும் முந்திவிட்டீர்கள் என்றால், உங்கள் நாயும் கீழக்கரை நாயைப்போலத் தாமதமாக முட்டை விடும் நாய்தான். இன்று 7ஆம் நாள் என்று குறித்துக்கொண்டு, நாளை முதல் மாதிரியை எடுங்கள். 1க்குக் கீழே இருந்தால் மூன்று நாளுக்கு ஒரு முறையும், 1.5ஐத் தாண்டியபின் ஒருநாள் விட்டு ஒருநாளும் எடுங்கள். 15ஆம் நாளில் ஏறவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். உங்கள் அருகில் வசதி இல்லையென்றால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். இதற்கிடையில் வாலடிச் சோதனையை உங்கள் மனைவியே தினமும் ஒரே நேரத்தில் செய்து நாட்காட்டியில் குறிக்கட்டும். நீங்கள் கடலில் இருக்கும் நாளில் அந்தக் குறிப்பு விட்டுப்போகக் கூடாது. வேலியின் அடிப்பகுதியை இன்றே அடைத்துவிடுங்கள்: ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறக்கக்கூடும், சாயல்குடிக் கடுவனோடு சேர்த்த மறுநாளும் அந்த நால்வரும் அங்கேதான் படுத்திருப்பார்கள்.