நம்ம ஊர் நிலம் நம்ம ஊருக்குச் சோறு போடுமா? (ஏரி மதகு பற்றியும்)

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

துபாயில் இருக்கும் தம்பி போன வாரம் கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் எழுதவில்லை. பாதி வயல் தென்னந்தோப்பாகிவிட்டது, ரோட்டோரம் இருந்தது மனையாகிறது, மிச்சம் கிடக்கும் நிலம் நம்ம ஊர்ச் சனத்துக்காவது சோறு போடுமா என்று கேட்டிருந்தார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊர் நுழைவு வளைவுக்குப் பணம் சேர்க்கும் பேச்சும் நடப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அரிசி. சம்பாவில் ஏக்கருக்கு 30 மூட்டை என்று வைப்போம். மூட்டை 60 கிலோ, ஆக 1,800 கிலோ நெல். அரைத்தால் 1,150 கிலோ அரிசி தேறும். ஆளுக்கு வருசத்துக்கு 100 கிலோ என்றால் ஒரு ஏக்கர் பதினோரு பேருக்குப் போதும். ஊரில் இப்போது இருப்பவர்கள் 2,200 பேர். 200 ஏக்கர் ஒரு போகம் விளைந்தால் வருசம் ஓடிவிடும். தோப்பும் மனையும் போக நம்மிடம் இன்னும் 250 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. ஆக, நிலம் போதும். இதைக் கண்டதும் எனக்கே மனசு நிறைந்துபோனது.

ஆனால் அந்த 250 ஏக்கருக்கும் தண்ணீர் வரவேண்டுமே. நாம் கல்லணைக் கால்வாயின் கடைமடை. 2023-இல் ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள், அக்டோபர் 10-இல் மூடிவிட்டார்கள். 2024-இல் ஜூன் 12 அன்று திறக்கவே முடியவில்லை, ஜூலை 28 ஆகிவிட்டது. ஒரத்தநாட்டுக்காரர் குடித்து, பட்டுக்கோட்டைக்காரர் குடித்து, அப்புறம்தான் நம்ம வாய்க்காலுக்கு முறை. மேலே குறைந்தால் முதலில் காய்வது நாம்தான்.

நான் இருக்கும் மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலும் இதே கதைதான். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே கெப்பாளா பத்தாஸ், பெனாகா பக்கம் காரில் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் நெல்தான். வெள்ளைக் கொக்கு, வரப்போரம் தென்னை, அறுவடை மிசின். ஊரிலிருந்து வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போய் நிற்பேன். மாநிலத்தில் நெல் நிலம் சுமார் 10,000 எக்டேர், இரண்டு போகம். போகத்துக்கு எக்டேருக்கு 5 டன் என்று வைத்தாலும் ஒரு லட்சம் டன் நெல், அரிசியாக 65,000 டன். 17 லட்சம் பேருக்கு ஆளுக்கு 80 கிலோ என்றால் 1,36,000 டன் வேண்டும். பாதிக்குத்தான் போதும். அந்தப் பாதியிலும் பெரும்பகுதி மூடா ஆற்றுத் தண்ணீரில் விளைவது. ஆறு பிறப்பது பக்கத்து மாநிலமான கெடாவில், ஊலு மூடா காட்டில். பினாங்கின் குழாயில் வரும் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் அதே ஆறுதான். ஒருமுறை பெனாகாவில் மதகருகே நின்ற வயதான மலாய்க்கார விவசாயியிடம் "நல்ல விளைச்சலா?" என்று கேட்டேன். அவர் விளைச்சலைச் சொல்லவில்லை. ஆற்றுப் பக்கம் கையைக் காட்டி, "அங்கே மழை பெய்தால்" என்றார். எங்க அப்பாவும் இதையேதான் சொல்வார், மேற்கே கையைக் காட்டி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி தவிர்த்த பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட் ஆனது. கிலோ 2.60 ரிங்கிட் என்று அரசு கட்டுப்படுத்திய உள்நாட்டு அரிசி கடைகளில் காணாமல் போனது. நான் போன கடையில் அரிசி அடுக்கும் தட்டு முழுக்கக் காலி. மூலையில் கிழிந்த ஒரு பொதி, அதைச் சுற்றிச் சிந்திய அரிசி, "குடும்பத்துக்கு இரண்டு" என்று பேனாவில் எழுதி ஒட்டிய அட்டை. வீட்டில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தத் தட்டைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. பாமாயில் தரும் செம்பனை 55 லட்சம் எக்டேருக்கு மேல் நிற்கும் நாடு இது. நெல் அதில் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது.

சரி, ஊரில் சோறு இருக்கிறது என்றே வைப்போம். குழம்பு? ரேசன் கடையில் வாங்கும் பாமாயில் மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து போவது. துவரம் பருப்பில் ஒரு பங்கு மியான்மர், மொசாம்பிக், தான்சானியாவிலிருந்து. பொட்டாசு உரம் முழுக்க வெளிநாடு. எல்லாவற்றையும் ஊரே விளைவிக்க முடியாது, வேண்டியதும் இல்லை. வெளியே கதவு அடைபடும் வருசத்தில் அரிசியாவது கையில் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதற்கு நம்மிடம் இருப்பது ஏரி. கால்வாய் 1934-இல் வந்தது. அதற்கு முன் நம்ம பாட்டன் பூட்டன் ஏரியையும் ஐப்பசி மழையையும் நம்பித்தான் நட்டார்கள். போன பொங்கலுக்கு வந்தபோது கரையில் நடந்தேன். கீழ மதகின் பலகை இற்றுப்போயிருக்கிறது. யாரோ உரச்சாக்கில் மண் கட்டி அடைத்திருக்கிறார்கள், சாக்கின் இடுக்கில் தண்ணீர் சுட்டுவிரல் கனத்துக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. நாங்கள் குதித்து விளையாடிய வரத்து வாய்க்கால், புதிய மனை ரோட்டுக்கு அடியில் ஒற்றைச் சிமெண்டுக் குழாயாகிவிட்டது. குழாயின் வாயில் பிளாஸ்டிக்கும் வெங்காயத்தாமரையும். மழை பெய்தாலும் ஏரிக்குப் போக வழியில்லை.

சிங்கப்பூர் மாமா வளைவு கட்டவேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறார், அது எனக்குத் தெரியும். மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. வளைவு இரண்டு வருசம் பொறுக்கும், மதகு அடுத்த ஐப்பசிவரை தாங்காது. ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்பதால் ஏரி நீர்வளத்துறை கையில் இருக்கிறது. நாமாகக் கை வைக்க முடியாது, அனுமதி வாங்கவேண்டும். ஊரில் இருக்கும் சித்தப்பா யாராவது ஒருவர் ஊராட்சித் தலைவரையும் கூட்டிக்கொண்டு பட்டுக்கோட்டை போய் மனு கொடுத்தால் நல்லது. குழாய் போட்ட இடத்தின் பழைய அகலம் கிராம வரைபடத்தில் இருக்கும், நகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதகு வேலைக்கு என் பங்கு 1,500 ரிங்கிட். பினாங்கில் இருக்கும் நம்ம ஊர்க் குடும்பங்களிடமும் பேசிவிட்டேன், ஆறு வீட்டில் சம்மதம். ஆனி பிறக்கும் முன் மனு போனால் ஐப்பசி மழைத் தண்ணீர் வருமுன் வேலை முடிக்கலாம்.

அன்புடன்,
மேலத்தெருவிலிருந்து, இப்போது பட்டர்வொர்த்