புதிய திட்டங்களுக்குப் பொது டெம்ப்ளேட்டா, தனித்தனி அமைப்பா?

கேள்வி

நாங்கள் நான்கு பேர் கொண்ட அணி. ஆண்டுக்கு ஐந்தாறு சிறு சேவைகளைப் பைத்தானில் எழுதுகிறோம். முந்தைய திட்டத்தை நகலெடுத்து, பெயர்களை மாற்றி, வேண்டாதவற்றை நீக்கிவிட்டுத் தொடங்குவதே வழக்கம். சென்ற மாதம் அமைவுக் கோப்பில் ஒரு வரி மாற்றப்படாமல் போனதால், புதிய சேவையின் லாக் பதிவுகள் மூன்று நாள்களாகப் பழைய சேவையின் பெயரிலேயே சேர்ந்துகொண்டிருந்தன. முறையான டெம்ப்ளேட் (புதிய திட்டத்துக்கான தொடக்கக் கோப்புகளின் மாதிரித் தொகுப்பு) வேண்டும் என்று ஒருவரும், ஒவ்வொரு சேவையின் தேவையும் வேறு என்பதால் வெற்றுக் கோப்புறையிலிருந்து தொடங்குவதே நல்லது என்று இன்னொருவரும் வாதிடுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

மறுமொழி 1

முதல் நாளில் மிச்சமாகும் நேரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து டெம்ப்ளேட்டில் ஒரு பிழையைத் திருத்தினால், அதிலிருந்து ஏற்கெனவே பிறந்த சேவைகளுக்கு அந்தத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும் என்று முதலில் கேளுங்கள். நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் டெம்ப்ளேட் ரெப்போவிலிருந்து (கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் உள்ள களஞ்சியம்) உருவாகும் ரெப்போ, மூலத்தின் வரலாறு இல்லாமல் ஒரே கமிட்டுடன் (மாற்றப் பதிவுடன்) தொடங்குவதால், மூலத்தில் பின்னாளில் செய்யும் மாற்றங்களை அதில் எளிதாக மெர்ஜ் செய்ய (இணைக்க) முடியாது. டெம்ப்ளேட்டிலிருந்து திட்டத்தை உருவாக்கும் கருவியான குக்கிகட்டரும் கோப்புகளை ஒருமுறை உருவாக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதே வகைக் கருவியான காப்பியர் அப்படியன்று: அது கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் அளித்த விடைகளையும் டெம்ப்ளேட்டின் பதிப்பையும் திட்டத்துக்குள்ளேயே ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்வதால், புதிய பதிப்பின் மாற்றங்களை ஒரே கட்டளையில் கொண்டுவந்துவிடும், நீங்கள் கைவைத்த வரிகளில் மோதல் வந்தால் மட்டும் நீங்களே தீர்க்க வேண்டும். ஆனால் டெம்ப்ளேட்டின் பதிப்புகளுக்கு ஒழுங்காக டேக் (பதிப்பு அடையாளம்) இட்டு வர வேண்டும்.

மறுமொழி 2

கருவியைவிட, உள்ளே எதை வைக்கிறோம் என்பதே எங்களைப் படுத்தியது. எட்டுக் கோப்புகளில் தொடங்கிய டெம்ப்ளேட்டில், தரவுத்தளம் வேண்டுமா, கியூ (வேலைகளை வரிசையில் வைக்கும் அமைப்பு) வேண்டுமா என்று கேள்விகளைச் சேர்த்துக்கொண்டே போனோம். ஆம், இல்லை என்று விடை சொல்லும் பத்துக் கேள்விகள் இருந்தால் 1,024 சேர்க்கைகள் உண்டாகும். நாங்கள் சோதித்தவை இரண்டோ மூன்றோதான். இப்போது சேவையின் பெயர், பைத்தான் பதிப்பு ஆகிய இரண்டை மட்டுமே கேட்கிறோம். லாக் வடிவம் போன்று அடிக்கடி மாறுபவை எல்லாச் சேவைகளும் பயன்படுத்தும் உள் பேக்கேஜ் ஒன்றுக்குப் போய்விட்டன. அங்கே திருத்திவிட்டு, சேவைகளில் பதிப்பெண்ணை உயர்த்தினால் போதும்.

மறுமொழி 3

பிறர் செய்த டெம்ப்ளேட்டானால் கூடுதல் எச்சரிக்கை தேவை. ரியாக்ட் நூலகத்தில் வலைச் செயலிகளைத் தொடங்க 2016இல் வந்த கருவி கிரியேட் ரியாக்ட் ஆப். அது வெப்பேக், பேபல் ஆகிய ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளின் அமைவுகளை மறைத்து வைத்திருந்தது. அவற்றை மாற்ற விரும்பி 'இஜெக்ட்' செய்தால் (மறைந்திருப்பவற்றை உங்கள் திட்டத்துக்குள் வெளியே எடுத்தால்), அத்தனை கோப்புகளும் உங்கள் தலையில் விழும், திரும்பிப் போக வழியில்லை. 2025 பிப்ரவரியில் புதிய செயலிகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே அறிவித்துவிட்டது.

கேட்டவரின் பதில்

நன்றி. கடைசி மூன்று சேவைகளையும் டிஃப் எடுத்து (ஒப்பிட்டு) பார்த்தேன். பதினொரு கோப்புகள் பெயரைத் தவிர வரிக்கு வரி ஒன்றாகவே இருக்கின்றன. டாக்கர் கோப்பு (சேவை இயங்கும் சூழலை விவரிப்பது) மட்டும் ஒரு சேவையில் வேறுபடுகிறது. பிடிஎஃப் உருவாக்கும் நூலகம் ஒன்று அதற்குத் தேவைப்பட்டிருக்கிறது. அந்தப் பதினொன்றை மட்டும் காப்பியரில் போடுகிறோம். டாக்கர் கோப்பை அந்தந்தச் சேவையே எழுதிக்கொள்ளட்டும்.