பட்டியலில் சரியாக ஆயிரம் க்யூ: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

சென்னை, கான்ஃபிகரேஷன் டீம்

ஆடிட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது இந்த வேலை என் தலையில் விழுந்தது. அமேசான் கிளவுடில் இருக்கும் எஸ்.க்யூ.எஸ் க்யூக்களை (ஒரு புரோகிராம் போடும் மெசேஜை இன்னொன்று எடுக்கும்வரை வைத்திருக்கும் வரிசைகள்) தானாகவே கண்டுபிடித்து, நிறுவனத்தின் ஐடி சொத்துப் பதிவேடான சிஎம்டிபியில் ஏற்ற வேண்டும். சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் ஏற்கெனவே டிஸ்கவரியில் (தானாகத் தேடிப் பதிவுசெய்யும் வேலை) வந்துகொண்டிருந்தன. க்யூக்களின் கணக்கை மட்டும் ஒருவர் எக்செல்லில் வைத்திருந்தார். அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஸ்கிரிப்ட் அரை நாளில் முடிந்தது. ஒவ்வொரு அக்கவுண்டிலும் ஒரு ரோல் (உள்ளே பார்க்கும் அனுமதி), ஒவ்வொரு ரீஜனிலும் (டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி) லிஸ்ட்க்யூஸ் என்ற பட்டியல் கேட்கும் அழைப்பு, கிடைக்கும் ஒவ்வொரு க்யூவுக்கும் அட்ரிபியூட்டும் (அதன் அமைப்புகள்) டேகும் (நாம் ஒட்டும் லேபிள்). அவ்வளவுதான். ஓட்டிப் பார்த்தால் பெரிய அக்கவுண்டில், மும்பை ரீஜனில் மட்டும் 1000 க்யூ. 998 இல்லை, 1003 இல்லை, சரியாக 1000. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "அடேயப்பா, இவ்வளவா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் பேமெண்ட் டீமிலிருந்து ஒரு தம்பி வந்து, "எங்க க்யூ ரெண்டு இதுல இல்லையே அண்ணா" என்றான். அப்புறம்தான் ஆவணத்தைப் படித்தேன். அந்த அழைப்பு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1000 தான் தரும். மீதியை வாங்குவதற்கான டோக்கன் வர வேண்டுமானால் மேக்ஸ்ரிசல்ட்ஸ் என்ற எண்ணை நாமே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் டோக்கனும் வராது, எரரும் வராது. போட்டோ3-இல் (அமேசானின் பைத்தான் லைப்ரரி), பக்கம் பக்கமாக வாங்கித் தரும் பேஜினேட்டர் போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதிலும் பேஜ்சைஸ் கொடுக்காவிட்டால் இதே கதைதான்.

அதைச் சரிசெய்துவிட்டேன். இப்போது எண்ணிக்கை சரி. ஆனால் பாதிக்கு மேல் ஓனர் பெயருக்கான இடம் காலியாக நிற்கிறது. நீங்கள் எல்லாம் அதை எப்படி நிரப்பினீர்கள்?

பெங்களூரு, பிளாட்ஃபார்ம்

உங்களுடையது பரவாயில்லை. நாங்கள் லிஸ்ட்க்யூஸ் பக்கமே போகாமல், டேக் வழியாக எல்லா வகை ரிசோர்ஸையும் ஒரே அழைப்பில் கொடுக்கும் டேகிங் ஏபிஐயை எடுத்துக்கொண்டோம். புத்திசாலித்தனம் என்று நினைப்பு. அது டேக் உள்ளவற்றையும் எப்போதோ டேக் இருந்தவற்றையும் மட்டும்தான் தரும். டேகே பார்க்காத க்யூ அதில் வராது. ஓனர் தெரியாத க்யூக்களைத் தேடித்தான் கிளம்பினோம். வகுப்பில் "வராதவர்கள் எல்லாம் கை தூக்குங்கள்" என்று கேட்ட வாத்தியார் மாதிரி ஆகிவிட்டது.

டேக் இல்லாதவை பெரும்பாலும் மனிதர்கள் உருவாக்காதவை. அமேசானின் பீன்ஸ்டாக் சேவையில் பின்னணி வேலை செய்யும் வொர்க்கர் என்விரான்மெண்ட் தனக்கென்று ஒரு க்யூவை வைத்துக்கொள்ளும். பைத்தானில் பின்னணி வேலைகளை ஓட்டும் செலரிக்கு அனுமதி இருந்தால் 'செலரி' என்ற பெயரிலேயே ஒன்றை உருவாக்கிவிடும். சும்மா கிடக்கும் க்யூவுக்குக் கட்டணமும் கிடையாது, ரிக்வெஸ்டுக்குத்தான் காசு. அதனால் பில்லைப் பார்க்கிறவர் கண்ணிலும் படாது.

சிஎம்டிபி அட்மின், 9 வருடம்

ஓனர் விஷயம் பிறகு. முதலில் அடையாளமாக எதை வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எங்கள் ஆள் க்யூ யூஆர்எல்லை வைத்தார். அதே க்யூவுக்குப் பழைய எஸ்டிகே (அமேசானை அழைக்கும் லைப்ரரி) ஒரு மாதிரியும் புது எஸ்டிகே வேறு மாதிரியும் யூஆர்எல் கொடுக்கும். ஒன்றில் எஸ்.க்யூ.எஸ் முன்னால், ரீஜன் பின்னால். மற்றதில் ரீஜன் முன்னால், 'க்யூ' என்ற சொல் பின்னால். டிஸ்கவரி சர்வரில் லைப்ரரியை அப்டேட் செய்த இரவு, சிஐ (சிஎம்டிபியில் ஒரு பதிவு) எண்ணிக்கை அப்படியே இரட்டிப்பு. ஏஆர்என் (அமேசான் ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் தரும் முழுப்பெயர்) வையுங்கள்.

அதிலும் ஒரு சின்ன சிக்கல் உண்டு. க்யூவை அழித்துவிட்டு 60 விநாடி கழித்து அதே பெயரில் இன்னொன்றை உருவாக்கலாம். ஏஆர்என் அச்சு அசல் அதே. உருவான நேரத்தையும் சேர்த்து வைத்திருந்தால்தான் இது வேறு க்யூ என்று தெரியும்.

ஆன்கால், ராத்திரிப் பட்சி

அட்ரிபியூட் எடுக்கும்போது ரிடென்ஷனையும் (மெசேஜ் எத்தனை நாள் இருக்கும்) ரீடிரைவ் பாலிசியையும் (எத்தனை தடவை தோற்றால் எந்த க்யூவுக்கு நகரும்) தயவுசெய்து விடாதீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மெயின் க்யூவுக்கும், தோற்ற மெசேஜ்கள் போய்ச் சேரும் அதன் டெட் லெட்டர் க்யூவுக்கும் ரிடென்ஷன் டீஃபால்ட் 4 நாள். வியாழன் மாலை 6 மணி வாக்கில் மெசேஜ்கள் வந்தன, அவற்றை எடுக்கும் கன்ஸ்யூமர் புரோகிராம் படுத்துவிட்டது. ஞாயிறு மாலை தட்டி எழுப்பினார்கள். அது 5 தடவை முயன்று தோற்று, எல்லாவற்றையும் டெட் லெட்டருக்குத் தள்ளியது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் டெட் லெட்டர் க்யூ காலி! "ஒன்றும் தோற்கவில்லை போல" என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

ஸ்டாண்டர்ட் க்யூவில் மெசேஜ் டெட் லெட்டருக்குப் போனாலும் அதன் வயது முதலில் வந்த நேரத்திலிருந்துதான் ஓடும். அங்கே போகும்போதே 3 நாள் போய்விட்டது. திங்கள் மாலை 6 மணிக்கு மிச்சமும் முடிந்தது. வந்த வரிசையிலேயே தரும் ஃபிஃபோ க்யூவாக இருந்திருந்தால் நகரும்போது நேரம் புதிதாகத் தொடங்கியிருக்கும்.

இப்போது எங்கள் இன்வென்டரியில் ஒரே ஒரு விதிதான் தினமும் ஓடுகிறது: டெட் லெட்டரின் ரிடென்ஷன் மெயின் க்யூவைவிட அதிகமாக இல்லையென்றால் டிக்கெட். 14 நாள் வரை வைக்கலாம், ஏன் கஞ்சத்தனம்?

சிங்கப்பூர், அஸ்யூர் பக்கம்

இங்கே கதை வேறு. மைக்ரோசாஃப்ட் அஸ்யூரின் க்யூ சேவையான சர்வீஸ் பஸ்ஸில் ஒவ்வொரு க்யூவுக்கும் டெட் லெட்டர் கூடவே பிறக்கிறது, அங்கே போன மெசேஜ் நாம் எடுக்கும்வரை கிடக்கும். எங்களுக்குத் தலைவலி ரிசோர்ஸ் பட்டியலில்தான். அதில் நேம்ஸ்பேஸ் (க்யூக்களை அடக்கிய பெட்டி) மட்டும் வரும், உள்ளே இருக்கும் க்யூக்களை நேம்ஸ்பேஸ் நேம்ஸ்பேஸாகப் போய்த்தான் கேட்க வேண்டும். ஆட்டோடிலீட் போட்டிருந்தால் 5 நிமிடம் சும்மா இருந்தாலே காணாமல் போகிற க்யூவும் இருக்கும். தினம் ஒரு தடவை ஓடும் டிஸ்கவரிக்கு அது சிக்கவே சிக்காது. அவற்றை சிஐ ஆக்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

சென்னை, கான்ஃபிகரேஷன் டீம்

எல்லோருக்கும் நன்றி. ஏஆர்என்னுக்கு மாறிவிட்டேன், ரிடென்ஷன் விதியையும் போட்டாயிற்று. முதல் நாளே 31 டிக்கெட்.

ஓனர் பெயர் விஷயம் எங்கே வந்து நிற்கிறது என்று சொல்கிறேன். யார் போடுகிறார்கள், யார் எடுக்கிறார்கள் என்று க்யூவிடம் கேட்டால் அதற்குத் தெரியாது. அதனால் சுற்றி வளைத்துப் போனேன். க்யூ பாலிசியில் எந்த எஸ்.என்.எஸ் டாபிக்குக்கு (அமேசானின் அறிவிப்புச் சேவை) அனுமதி இருக்கிறது, எந்த லாம்டா புரோகிராம் எந்த க்யூவிலிருந்து எடுக்கிறது என்று சொல்லும் ஈவண்ட் சோர்ஸ் மேப்பிங்கில் எது இணைந்திருக்கிறது என்று பார்த்ததிலேயே நிறைய ஓனர்கள் கிடைத்துவிட்டார்கள். யார் என்ன செய்தார் என்று பதியும் கிளவுட்டிரெயிலில் யார் உருவாக்கினார் என்று பார்க்கலாம், ஆனால் ஈவண்ட் ஹிஸ்டரி 90 நாள்தான். நம் க்யூக்கள் எல்லாம் கிழவர்கள்.

மிச்சம் இருந்தவற்றை, 30 நாள் அசைவில்லை என்றால் நீக்கலாம் என்று மேலிடம் சொன்னது. அசைவை எப்படி அளப்பது என்பதிலேயே ஒரு கூத்து. யாராவது தொட்டால் அந்த க்யூவை 6 மணி நேரம் ஆக்டிவ் என்று கணக்கில் வைத்து, கிளவுட்வாட்ச் என்ற கண்காணிப்புச் சேவைக்கு அமேசான் மெட்ரிக் (அளவீடு) அனுப்பும். என் டிஸ்கவரி தினமும் அட்ரிபியூட் கேட்கிறதே, அதுவும் தொடுதல்தான்! மெட்ரிக் வருகிறது, அதனால் க்யூ உயிரோடு இருக்கிறது என்று முதலில் எழுதியிருந்தேன். அது நான் தட்டிய கதவு. அனுப்பப்பட்ட மெசேஜ் எண்ணிக்கையை மட்டும் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தெளிந்தது.

நீக்கும் பட்டியலில் முதலில் இருந்த க்யூவுக்கு மூன்றெழுத்துப் பெயர், டேக் இல்லை, 30 நாளில் ஒரு மெசேஜும் இல்லை. மனசு கேட்காமல் வரைபடத்தை 15 மாதத்துக்கு நீட்டினேன், மணிக்கணக்கு டேட்டா அதுவரை இருக்கும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நாள், ஒரு குட்டி மேடு.

நிதிப் பிரிவுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "டிடிஎஸ் காலாண்டுக் கணக்கா இருக்கும் சார், எங்களுக்குச் சரியாத் தெரியாது, ஆனா எடுத்துடாதீங்க" என்றார்கள். உங்கள் பெயரை ஓனராகப் போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்கள்.

இப்போதைக்கு அந்த ஓனர் இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது.