பழைய மிஷினுக்கு இனி பார்ட்ஸ் வராது: காக்ளியர் இம்பிளான்ட் பிராசஸர் மாற்றிய அனுபவங்கள்

மதுரையிலிருந்து ஓர் அப்பா:

என் மகளுக்கு மூன்று வயதில், 2013-இல், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், காது கேட்பதற்காகக் காக்ளியர் இம்பிளான்ட் வைக்கும் ஆபரேஷன் நடந்தது. இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். உள்ளே வைத்த இம்பிளான்ட்டில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. வெளியே வரும் சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்ப, காதில் மாட்டும் பிராசஸர்தான் படுத்த ஆரம்பித்தது. முதலில் காயில் (காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டு, coil) ஒயர் போனது. அது எல்லார் வீட்டிலும் போவதுதான், வேறு வாங்கி மாட்டினோம். அப்புறம் பேட்டரி மதியத்துக்குள்ளேயே தீர்ந்தது. ஐப்பசி மழையில் சத்தம் விட்டு விட்டு வந்தது. ராத்திரி முழுக்க ஈரத்தை எடுக்கும் டிரை பாக்ஸில் வைத்தால் காலையில் இரண்டு பீரியட் ஓடும், அவ்வளவுதான். சர்வீஸுக்குக் கொடுத்தபோது, "இந்த மாடலுக்கு இனி பார்ட்ஸ் வராது, புதுசுதான் வாங்கணும்" என்றார்கள்.

பிராசஸரைப் பொறுத்தவரை நமக்குப் பேரம் பேச இடமே இல்லை என்பதைப் புதிதாக வந்திருக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே எந்தக் கம்பெனியோ, வெளியேயும் அதே கம்பெனிதான். மெட்-எல் கம்பெனி இம்பிளான்ட் வைத்த பிள்ளைக்குக் காக்ளியர் கம்பெனியின் நியூக்ளியஸ் பிராசஸர் வேலை செய்யாது. அதே கம்பெனியிலும் எல்லாப் புது மாடலும் எல்லாப் பழைய இம்பிளான்ட்டோடும் சேராது. ஆபரேஷன் முடிந்ததும் கொடுத்த இம்பிளான்ட் கார்டைப் பத்திரமாக வையுங்கள். கொட்டேஷன் கேட்கும்போதே அதிலுள்ள மாடல் எண்ணைத்தான் கேட்பார்கள்.

விலை சில லட்சம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனுவும் கொடுத்தேன், அறக்கட்டளைகளுக்கும் எழுதினேன். ஓர் அறக்கட்டளை பாதி தந்தது, மீதிக்குக் கூட்டுறவு சங்கத்தில் லோன். எங்கே போனாலும் கேட்ட தாள்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: பழுது பார்க்க முடியாது என்று ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைப் பார்க்கும் நிபுணர்) தந்த கடிதம், மாடல் நிறுத்தப்பட்டதாகக் கம்பெனி தந்த கடிதம், கொட்டேஷன், மாற்றுத்திறனாளி அட்டை, வருமானச் சான்று. மிஷின் முழுதாக நிற்கும் முன்பே இந்தக் கடிதங்களை வாங்கி வைத்துவிடுங்கள். பணம் சேர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை பிள்ளை சத்தமில்லாமல் வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும்.

புதுசு மாட்டிய அன்று மகள் முகத்தைச் சுளித்தாள். "எல்லாரும் கீச்சு கீச்சுன்னு பேசுறீங்கப்பா" என்றாள். இத்தனை லட்சம் கொட்டி இதுதானா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வாரம் போகப்போக அது சரியாகிவிட்டது. ஆனால் வேறொன்று கிளம்பியது. முன்பெல்லாம் அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டால் திரும்புவாள், இப்போது மிக்ஸி ஓடினால் பின்னாலிருந்து கூப்பிடுவது அவளுக்குக் கேட்பதே இல்லை. இது வேறு யாருக்காவது நடந்ததா?

சென்னையிலிருந்து ஒரு வங்கி ஊழியர்:

எனக்கும் நடந்தது அண்ணா. வளர்ந்த பிறகு காது கேட்காமல் போய் இம்பிளான்ட் வைத்துக்கொண்டவன் நான். நியூக்ளியஸ் 6-லிருந்து 7-க்கு மாறினேன். 7 வந்தது 2017-இல். ஐபோனிலிருந்து நேராகவே சத்தம் பிராசஸருக்கு வரும் என்பதுதான் அதில் பெரிய பேச்சு. என் கையில் இருந்தது ஆண்ட்ராய்டு போன். எல்லா ஆண்ட்ராய்டிலும் அது வராது என்பது வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, கடையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கம்பெனி இணையதளத்தில் பொருந்தும் போன்களின் பட்டியல் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். போன் மாற்றிய பிறகு கஸ்டமரின் பேச்சு உதட்டைப் பார்க்காமலே புரிகிறது. என் வேலைக்கு அது போதும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹெல்மெட் கழற்றும்போது காயில் அதோடு வந்து ரோட்டில் விழும். கடைக்குப் போகும்போது பிராசஸரை மாட்டிக்கொண்டே போய், உள்ளே பஞ்சு மெத்தென்று இருக்கும் ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கோவையிலிருந்து ஓர் ஆடியாலஜிஸ்ட்:

மதுரை சார், மகளின் பிராசஸரில் கோளாறு இல்லை. புது மாடல்களில் இரைச்சல் கூடினால் மைக் முன்பக்கத்துக்கு முன்னுரிமை கொடுத்து, பின்னால் வரும் சத்தத்தைக் குறைத்துவிடும். ஹோட்டலில் எதிரே இருப்பவரோடு பேச அது நல்லது. வீட்டில் பிள்ளையைப் பின்னாலிருந்து கூப்பிடும்போது இடைஞ்சல். பிராசஸரை ஆளுக்கு ஏற்ப செட் செய்வதுதான் மேப்பிங், அந்த செட்டிங்தான் மேப். அடுத்த மேப்பிங்கில், எல்லாப் பக்கமும் கேட்கும்படி ஒரு புரோகிராம் தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வகுப்புக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று அவளே மாற்றிக்கொள்வாள், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது பெரிய வேலையா?

கீச்சென்று கேட்பதும் சகஜம்தான். பழைய மேப்பைப் புதிய பிராசஸருக்கு மாற்றினாலும் மைக் வேறு, சத்தத்தைக் கையாளும் முறை வேறு. மூளை பழகிய ஒலி பழைய மிஷினுடையது. அதனால் நான் முதல் நாளில் புது வசதிகளை எல்லாம் போட்டுவிடுவதில்லை. பழையது எப்படிக் கேட்டதோ அதற்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன். வீட்டில் தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் ஆறையும் சொல்லிப் பாருங்கள். லிங் சோதனை என்பது இதுதான். ஸ் மட்டும் தவறினால் மேல் அலைவரிசைப் பக்கம் பார்க்க வேண்டும், ம், ஊ தவறினால் கீழ்ப் பக்கம். எது தவறுகிறது என்று குறித்துக்கொண்டு வந்தால் மேப்பிங்கில் பாதி வேலை முடிந்த மாதிரி.

காந்தத்தையும் கவனியுங்கள். காயில் இருக்கும் இடம் சிவந்தாலோ வலித்தாலோ காந்தத்தின் இழுப்பு அதிகம், இழுப்புக் குறைந்த எண்ணுள்ள காந்தம் கேளுங்கள். அடர்த்தியான முடி, இரட்டைச் சடை என்றால் அடிக்கடி விழும். அதற்காக நீங்களே எண்ணைக் கூட்டிவிடாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அக்கா:

என் வீட்டுக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. காதுக்குப் பின்னால் கண்ணாடிக் காம்பு, அதோடு பிராசஸர், இரண்டும் முட்டிக்கொள்ளும். அதனால் ஒயரே இல்லாமல் தலையில் ஒட்டிக்கொள்ளும் வகை வாங்கினோம். அவருக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, ஈஸி சேரில் சாய்ந்தால் மட்டும் கழன்று விழும். கிளிப்போடு சட்டையில் மாட்டும் கயிறு ஒன்று பெட்டியிலேயே இருந்தது, அதைப் போட்டுவிட்டேன்.

எங்களுக்கு வயிற்றெரிச்சல் எக்ஸ்சேஞ்சில்தான். பழையதைக் கொடுத்தால் தள்ளுபடி என்று டீலர் சொல்ல, கொடுத்துவிட்டோம். கொஞ்ச நாளில் புதுசு ரிப்பேருக்குப் போனது. மாற்று மிஷின் தருவோம் என்று சொன்ன அதே ஆள் போனையே எடுக்கவில்லை. அது திரும்பி வரும் வரைக்கும் சிலேட்டில் எழுதித்தான் பேச்சு. பேரன் பிறந்த செய்தியைக்கூட எழுதித்தான் காட்டினேன். ஓடுகிற பழைய மிஷினை எந்தத் தள்ளுபடிக்கும் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கோவை ஆடியாலஜிஸ்ட்:

அக்கா சொல்வது சரி. வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பழையதில் பழைய மேப்தான் இருக்கும். புதியதில் நிறைய மாற்றிய பிறகு திடீரென்று பழையதை மாட்டினால் சத்தம் பொருந்தாது. மேப்பிங்குக்கு வரும்போது இரண்டையும் கொண்டுவாருங்கள், பழையதையும் சரிசெய்து தந்துவிடலாம்.

மதுரை அப்பா:

நன்றி மேடம். எங்களுடையது அலமாரியில்தான் இருக்கிறது, வெயில் நாளில் இன்னும் ஓடுகிறது. அதையும் எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கப் புரோகிராம் கேட்கிறேன். தஞ்சாவூர் அக்கா, வாரண்டி பில் தேதியிலிருந்தா, மாட்டிய தேதியிலிருந்தா என்று டீலரிடம் எழுதி வாங்கினீர்களா? எங்கள் பெட்டி மேப்பிங் தேதி கிடைக்காமல் வாரக்கணக்கில் சும்மா கிடந்தது. கேட்டு வாங்கியதால் மாட்டிய தேதி போட்டுத் தந்தார்கள்.

தஞ்சாவூர் அக்கா:

வாங்கவில்லை தம்பி. நாளைக்கே பில்லைத் தேடிப் பார்க்கிறேன்.