கையால் வரைந்ததா, அச்சா?

கேள்வி: தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகக் கூடத்தில் கோட்டோவியமும் அச்சோவியமும் வைத்திருக்கிறார்கள், நேற்று மகளோடு போனேன், எது கையால் வரைந்தது, எது அச்சு என்று கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விளக்கு வேறு ஏன் அவ்வளவு மங்கல்?

பதில்: அக்கா, பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். படத்தைச் சுற்றித் தாள் லேசாக அமுங்கி, சட்டம்போல் தடம் தெரிந்தால் பெரும்பாலும் செப்புத்தகட்டு அச்சு, அதாவது படம் செதுக்கிய தகட்டில் மை பூசித் தாளில் அழுத்தி எடுத்தது. ஓரத்தில் பென்சிலில் 3/20 என்றிருந்தால் இருபதில் மூன்றாவது பிரதி.

பதில்: மங்கல் வேண்டும்தான். வெளிச்சம் தாளைப் பழுப்பாக்கும், சாயத்தை வெளுக்கும், அதனால் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் வைப்பார்கள். ஈரமும் ஆகாது, ஐப்பசி மழையில் எங்கள் தாத்தா வரைந்த படத்தில் மிளகு தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன, இன்னும் மனசு ஆறவில்லை.

பதில்: சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளைப் பார்த்துக் கையால் வரைந்த படங்கள் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. மகளிடம் அதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்: சரி, ஞாயிறன்று மறுபடி அழைத்துப் போகிறேன்.