கூத்துக்கு வாசிக்க வந்தவருக்கு என்ன கொடுத்தீர்கள்?

முள்ளியவளையான்:
வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஊர் அம்மனுக்குக் காத்தவராயன் கூத்து. நான் பிற்பாட்டு, ஆடுகிறவர் பாடுவதைப் பின்னால் நின்று திருப்பிப் பாடுகிறவன். ஆதிகாத்தான், நடுக்காத்தான், பின்காத்தான் என்று காத்தவராயன் என்ற ஒரே வேடத்துக்கு ஆள் மாறி ஆள் ஆடினார்கள், ஆடி முடித்தவர்கள் போய்ப் படுத்துவிட்டார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் மட்டும் இரவு முழுக்க அதே இரண்டு பேர். கடைசியில் காத்தவராயன் கழுமரம் ஏறும்போது விடிந்துகொண்டு வந்தது, மிருதங்கக்காரர் விரலில் பிளாஸ்டர் சுற்றி வாசித்தார். முடிந்ததும் பொன்னாடை போர்த்தினார்கள். அதை மடித்து மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துவிட்டு என்னிடம் வந்து, "தம்பி, பெற்றோல் அடிக்க ஏதும் தருவினமோ?" என்று மெதுவாகக் கேட்டார். பொருளாளர் நல்ல நித்திரை. சவுண்ட்காரருக்கும் ஜெனரேட்டருக்கும் முற்பணமே கொடுத்தாயிற்று, அது வேறு கதை.

நெடுங்கேணி:
கூத்து நேர்த்தி, தொழில் இல்லை. ஆடுகிறவன் உடுப்பு வாடகையைத் தன் கையால் கட்டுகிறான். கோவலன் கூத்துக்கு வெளியூர் ஆர்மோனியக்காரருக்குக் காசு கொடுத்தோம், அது தெரிந்ததும் எங்கள் மத்தளக்காரர் பழக்கத்துக்கு, அதாவது ஒத்திகைக்கு, வருவதையே நிறுத்திவிட்டார். "அவர் வாசிச்சா காசு, நான் அடிச்சா நேர்த்தியோ?" என்று சந்தியில் வைத்துக் கேட்டார். அதனால்தான் சொல்கிறேன், ஒருவருக்கும் வேண்டாம்.

டோல்கி கிளிநொச்சி:
நெடுங்கேணி அண்ணை, உங்கள் மத்தளக்காரர் கேட்டது நல்ல கேள்விதானே, அதற்கு ஒருவருக்கும் கொடுக்காமல் விடுவது என்ன பதில்? மைக்கில் பேர் சொல்லிச் சனம் அன்பளிப்புக் கொடுப்பது ஆடுகிறவருக்கு. ஒரேயொரு தடவை ஒரு ஆச்சி மேடைப் பக்கமாக வந்து டோல்கி அடித்துக்கொண்டிருந்த என் மடியில் காசு நோட்டை வைத்து, "அவன் தாளம் விட்டதை நீ பிடிச்சனி, நான் பாத்தனான்" என்றா. அன்றைக்கு எனக்குக் கிடைத்தது அதுதான்.

மாங்குளம் வாத்தியார்:
பள்ளிக்கூட இசை நாடகத்துக்கு வந்த ஆர்மோனியக்காரர் பாதியில் பஸ்ஸுக்கு எழும்பிவிட்டார், அரிச்சந்திரன் மயான காண்டம் சுருதி இல்லாமல் போனது. சரி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். பழக்கம் தொடங்கும் முதல் நாளே தொகையைப் பேசுங்கள், கடைசி இரவில் பேசினால் பிச்சை மாதிரி ஆகிவிடும். போக்குவரத்தும் சாப்பாடும் அந்தத் தொகைக்குள் வராது. பழக்கத்துக்கு வரும் நாட்களுக்கும் ஏதாவது வேண்டும், மேடை ஒரு இரவு, பழக்கமோ வாரக்கணக்கு. பனி இறங்கினால் மிருதங்கத் தோல் தளர்ந்துவிடும், அதை இறுக்க வார் பிடிக்கிற செலவை யார் தருவது? உள்ளூரா வெளியூரா என்று பார்க்காமல் ஒரே தொகை கொடுங்கள். கனடா, சுவிஸிலிருந்து லைட்டுக்குக் காசு அனுப்புகிறவர்களிடம் வாத்தியத்துக்கென்று தனியாகக் கேட்டுப் பாருங்கள், தருவார்கள். கணக்குத் தாளில் அதை முதல் வரியாகப் போடுங்கள், சவுண்டுக்குக் கீழே அல்ல.

முள்ளியவளையான்:
வாத்தியார் ஐயா, நான் யோசனை கேட்கவில்லை, ஆனாலும் கடைசி வரியை அப்படியே கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

நெடுங்கேணி:
ஒரே தொகை என்றால் பிற்பாட்டுக்காரருக்கும்தானே? எங்கள் ஊரில் பிற்பாட்டுக்கு எட்டுப் பேர் நிற்கிறார்கள், அதில் மூன்று பேர் கமிட்டி.